திமில் மகசீர்: நம் ஆற்றிலிருந்து ஒரு பாடம்

எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் சில கப்பி மீன்களும், ‘டேங்க் கிளீனர்’ என்று கடைகளில் விற்கிறார்களே, அந்த மீன் ஒன்றும் வளர்த்தோம். இரண்டு ஆண்டுகளில் டேங்க் கிளீனர் தொட்டியில் திரும்ப இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு முன் அதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. “பாவம், ஆத்துல விட்றலாங்க டீச்சர்” என்றார்கள் மாணவர்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. மன்றத்து மாணவர்கள் வரிசையாக நிற்க, பள்ளிக்குப் பக்கத்து வாய்க்காலில் அதை விட்டோம். எல்லோரும் கை தட்டினார்கள். உயிரிரக்கம் பற்றி நான் ஐந்து நிமிடம் பேசவும் செய்தேன்.

அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “டீச்சர், நாம விட்ட மீனுங்க. எங்கப்பா வலையில மாட்டிருச்சு. முள்ளு சிக்கி வலையே கிழிஞ்சு போச்சுங்க” என்றான். அவன் முகத்தில் குறை சொல்லும் பாவனை எதுவும் இல்லை. பழைய நண்பனைக் கண்ட மகிழ்ச்சிதான் இருந்தது. வாளிக்குள் கறுத்த, எலும்புத் தகடு போர்த்திய, விசிறி போன்ற முதுகுத் துடுப்புள்ள மீன் கிடந்தது. அது நாங்கள் விட்ட அதே மீன்தானா என்று சொல்ல முடியாது. ஆனால் தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மீன் எங்கள் ஊர் வாய்க்காலில் நீந்துவதற்கு என்னைப் போல யாரோ ஒருவர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அன்று வகுப்பில் அந்த மாணவன் கேட்டான்: “மீன ஆத்துல விடறது நல்லதுதானுங்களே டீச்சர்?” அதற்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் பவானி, மோயாறு, காவிரி ஆறுகளுக்கே உரிய ஒரு பெருமீனைப் பற்றி அறிந்தேன். ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு முதுகில் திமிலுடைய மகசீர் என்று பொருள். வகுப்பில் நாங்கள் அதற்குத் ‘திமில் மகசீர்’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். உலகில் காவிரி ஆற்றுப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத இந்த மீன், இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதன் கதையைப் பாடமாக எடுத்த அனுபவத்தை நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மீனை அறிவோம்

மகசீர் என்பது ஒரு தனி மீனின் பெயரன்று. ‘டோர்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல பெரிய ஆற்று மீன்களுக்கான பொதுப் பெயர். கட்லா, ரோகு, சேல்கெண்டை ஆகியவற்றைப் போல இவையும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய மீன் நூல்களில் மகசீருக்குப் ‘பூமீன் கெண்டை’ என்ற தமிழ்ப் பெயர் பதிவாகியுள்ளது.

மகசீர்களின் பொதுவான அடையாளங்கள் மாணவர்களுக்கு எளிதில் புரியக்கூடியவை. உடல் முழுவதும் மிகப் பெரிய செதில்கள் இருக்கும். தடித்த உதடுகளும், வாயோரம் இரண்டு இணை மீசைகளும் உண்டு. தாடையில் பற்கள் கிடையாது. ஆனால் தொண்டைக்குள் வலுவான பற்கள் உண்டு. நண்டு, நத்தை ஆகியவற்றின் ஓட்டை அவற்றால் நொறுக்கிவிடும். பூச்சி, சிறு மீன், கரையோர மரங்களிலிருந்து விழும் பழம், விதை எல்லாமே இதற்கு உணவுதான். திமில் மகசீரில் இவற்றோடு, தலைக்குப் பின்னே மேலெழும் திமில் போன்ற வளைவும், ஆரஞ்சு நிறத் துடுப்புகளும் சேர்ந்துகொள்கின்றன.

இது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்கு ஒரு பதிவு உண்டு. 1946-ஆம் ஆண்டு காவிரியின் கிளையாறான கபினியில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 54 கிலோ. இதை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் நம்பவில்லை. உடனே எடை பார்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, வகுப்பிலேயே பெரிய மாணவனை நிற்க வைத்தோம். அவனைவிட மீன்தான் கனம் என்று தெரிந்ததும் வகுப்பில் எழுந்த சத்தம் அடங்கச் சற்று நேரமாயிற்று.

அதன் வீடு

மீனைப் பற்றிய பாடம் ஆற்றைப் பற்றிய பாடமாகவும் இருந்தால்தான் நிறைவு பெறும். நீலகிரியில் முக்குருத்திப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறு, மலையிறங்கிய பின் மோயாறு என்னும் பெயர் பெறுகிறது. முதுமலைக் காடுகளைக் கடந்து, ஆழமான மோயாற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக ஓடி, தெங்குமரகடாவைத் தாண்டிப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு சேர்கிறது. பவானி ஆறு கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. தமிழ்நாட்டில் திமில் மகசீர் இன்னும் எஞ்சியிருக்கும் முக்கியமான இடம் இந்த மோயாறு. கேரளத்தில் சின்னாறு வழியாகக் கிழக்கு நோக்கி ஓடிவந்து நம் அமராவதியில் சேரும் பாம்பாற்றிலும் இது கண்டறியப்பட்டுள்ளது.

இந்த மீனுக்கு எப்படிப்பட்ட நீர் வேண்டும்? குளிர்ந்த, தெளிந்த, ஓடுகின்ற நீர் வேண்டும். பாறைகளில் மோதி நுரைத்து ஓடும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் நன்றாகக் கலக்கிறது. கோடையில் ஆறு வற்றும்போது ஒதுங்கி நிற்க ஆழமான மடுக்கள் வேண்டும். மழைக்காலத்தில் புது வெள்ளம் வந்ததும் மகசீர்கள் ஆற்றின் மேற்பகுதியை நோக்கி நீந்திச் சென்று, கூழாங்கல்லும் பருமணலும் நிறைந்த இடங்களில் முட்டையிடும் இயல்புடையவை. கட்லா, ரோகு போன்றவற்றை நோக்க, இவற்றின் முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு. எனவே ஓராண்டு இனப்பெருக்கம் தவறினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும்.

ஓட்டம், மடு, சரளைக்கல் படுகை, மேலேறும் வழி என்னும் நான்கையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, “இவற்றில் எது இல்லாவிட்டால் என்ன ஆகும்?” என்று மாணவர்களிடம் கேளுங்கள். அழிவுக்கான காரணங்களில் பெரும்பாலானவற்றை அவர்களே சொல்லிவிடுவார்கள். 1934-இல் மேட்டூர் அணையும், 1955-இல் பவானிசாகர் அணையும் கட்டி முடிக்கப்பட்டன. இந்த அணைகளின் தண்ணீரில்தான் நம் வயல்கள் விளைகின்றன என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். முட்டையிட மேலேறும் மீனுக்கு அதே அணை ஒரு சுவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மணல் அள்ளும்போது முட்டையிடும் இடமே போய்விடுகிறது. வெடி வைத்து மீன் பிடித்தால் பெரிய மீனோடு குஞ்சுகளும் செத்து மிதக்கின்றன. கழிவுநீர் கலந்தால் ஆக்சிஜன் குறைகிறது.

பெயரில்லாத மீன்

ஏழாம் வகுப்பு அறிவியலில் வகைப்பாட்டியலும் இருசொற் பெயரிடும் முறையும் வருகின்றன. “தமிழில்தான் பெயர் இருக்கிறதே, இந்த இலத்தீன் பெயர் எதற்கு?” என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பார். அந்தக் கேள்விக்கு இந்த மீனைவிடச் சிறந்த விடை எனக்குக் கிடைத்ததில்லை.

மகசீர் ஆங்கிலேயர் காலத்திலேயே புகழ்பெற்ற மீன். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி எழுதிய நூலில் மகசீரைப் பெரிதும் போற்றியிருக்கிறார். காவிரியின் பெரிய மகசீரைத் தேடி வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இருந்தும் இந்தத் திமில் மகசீருக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பது தீர்மானிக்கப்படாமலே இருந்தது. ஆளுக்கொரு பெயரால் அழைத்தார்கள். சிலர் இதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

இதற்கிடையில் 2007-இல், கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மகசீர்களை மதுசூதன குருப், ராதாகிருஷ்ணன் என்னும் இரு ஆய்வாளர்கள் ‘டோர் ரெமாதேவி’ என்ற புதிய இனமாக விவரித்தனர். சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் கே. ரெமாதேவியைச் சிறப்பிக்கும் பெயர் அது. பின்னர், இந்தியாவையும் பிரிட்டனையும் சேர்ந்த ஆய்வாளர்கள் மோயாற்றில் கிடைத்த திமில் மகசீரின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். பாம்பாற்றின் அந்தச் சிறிய மீனும் காவிரியின் புகழ்பெற்ற பெருமீனும் ஒரே இனம் என்பது தெரியவந்தது. இம்முடிவு 2018 ஜூன் மாதம் வெளியானது.

பெயர் உறுதியான அதே ஆண்டில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் இந்த மீனை ‘மிகவும் ஆபத்தான நிலை’ என்னும் பிரிவில் சேர்த்தது. இயற்கை வாழிடத்தில் முற்றிலும் அழிந்துபோவதற்கு முந்தைய படி இது. ஓர் இனம் இன்னது என்று வரையறுக்கப்படாதவரை, அது எத்தனை உள்ளது, எங்கே உள்ளது, குறைகிறதா என்று அந்தப் பெயரில் கணக்கெடுக்க முடியாது. அந்தப் பட்டியலில் அதற்கென ஓர் இடமும் கிடைக்காது.

இதை விளக்கியபோது ஒரு மாணவி, “பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுல பேரே இல்லாத புள்ள மாதிரிங்களா டீச்சர்? வரலைன்னாலும் யாருக்கும் தெரியாதுங்களே” என்றாள். நான் தயாரித்துவைத்திருந்த விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது. இப்போது நானும் அதைத்தான் சொல்கிறேன்.

நல்லெண்ணத்தோடு விட்ட மீன்

இனி, வாளியோடு வந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

காவிரியில் மகசீர் குறைந்துவருகிறது என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே பலர் உணர்ந்தார்கள். மகாராஷ்டிராவில் லோனாவாலா என்னும் இடத்தில் டாடா நிறுவனத்தின் மீன் பண்ணையில் மகசீர் குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரிக்கும் முயற்சி வெற்றி பெற்றது. அங்கு வளர்த்த குஞ்சுகள் பல ஆறுகளுக்கு அனுப்பப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை திமில் மகசீரின் குஞ்சுகள் அல்ல. நீலத் துடுப்பு மகசீர் எனப்படும் ‘டோர் குத்ரி’ என்னும் வேறோர் இனம். 1839-இல் சைக்ஸ் என்பவர் பூனா அருகே முளா-முத்தா ஆற்றிலிருந்து விவரித்த மீன் அது. கிருஷ்ணா ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. காவிரிக்கு அது விருந்தாளி.

அதன் விளைவு எப்படித் தெரிந்தது என்பது சுவையானது. கர்நாடகத்தில் காவிரிக்கரையில் காலிபோரே என்ற இடத்தில் தூண்டில் முகாம் ஒன்று நடந்துவந்தது. அங்கே பிடித்த மகசீரை எடை பார்த்துக் குறித்துவிட்டு உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்திதான்: மகசீர் கிடைக்கும் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் இனம் பிரித்துப் பார்த்தபோது, கூடியிருந்தது நீலத் துடுப்பு மகசீர் மட்டுமே. திமில் மகசீர் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டே வந்திருந்தது. கிடைத்த ஒன்றிரண்டும் பெரிய மீன்களாகவே இருந்தன. சிறியவை வரவில்லை. ஊரில் பெரியவர்கள் மட்டும் இருந்து குழந்தைகளே இல்லை என்றால் அந்த ஊரின் எதிர்காலம் என்ன என்று நமக்குத் தெரியும். ஆற்றிலும் அதுதான் நடந்தது.

வந்த இனத்தோடு உணவுக்கும் இடத்துக்கும் ஏற்பட்ட போட்டி இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அணை, மணல், வெடி ஆகியவற்றால் ஏற்கெனவே தளர்ந்திருந்த இனத்தின் மேல் இதுவும் சேர்ந்துகொண்டது. பண்ணையில் குஞ்சு வளர்த்தவர்களுக்கும் அதை ஆற்றில் விட்டவர்களுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆற்றைக் காப்பாற்றவே அதைச் செய்தார்கள். நான் டேங்க் கிளீனரை விட்டபோது எனக்கும் நல்லெண்ணம்தான் இருந்தது. ‘எந்த மீன், எந்த ஆற்று மீன்’ என்ற கேள்வியைத்தான் நாங்கள் கேட்கவில்லை.

“மீன ஆத்துல விடறது நல்லதுதானுங்களே?” என்ற கேள்விக்கு இப்போது என் விடை இதுதான்: அந்த ஆற்றுக்கே உரிய மீனாக இருந்து, மீன்வளத் துறையும் அறிவியலாளர்களும் திட்டமிட்டுச் செய்தால் நல்லது. கடையில் வாங்கிய மீனை, நாம் வளர்க்க முடியவில்லை என்பதற்காக விடுவது நல்லதன்று. அந்தத் தவற்றை நான் செய்தேன் என்று வகுப்பில் சொன்னேன். சொல்லும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. மாணவர்கள் சிரிக்கவில்லை. மாறாக, “நானும் எங்கூட்டுத் தொட்டி மீன கெணத்துல விட்டேனுங்க”, “நான் வாய்க்கால்ல விட்டேனுங்க” என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

எங்கள் வகுப்பில் செய்து பார்த்தவை இவை. பெரிய செலவு எதற்கும் இல்லை.

செயல்பாடு 1: பெயர் அட்டை (வகுப்பு 3 முதல் 5 வரை)

தம் வீட்டில் வழங்கும் மீன் பெயர்களை ஆளுக்கொரு அட்டையில் எழுதி வரச் சொல்லுங்கள். அயிரை, ஆரல், கெளுத்தி, விரால், உளுவை, குரவை என்று பெயர்கள் குவியும். ஒரே மீனுக்கு இரண்டு பெயர்கள் வந்திருக்கும். இரண்டு மீன்களுக்கு ஒரே பெயரும் வந்திருக்கும். “ஜிலேபி மீன்” என்று ஒருவராவது எழுதியிருப்பார். அது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா. அட்டைகளை ‘நம் ஆற்று மீன்’, ‘வெளியிலிருந்து வந்த மீன்’ என்று இரண்டாகப் பிரிக்கச் செய்யுங்கள். பிள்ளைகள் தினமும் பார்க்கும் மீன்கள் எத்தனை வெளியிலிருந்து வந்தவை என்பது அவர்களுக்கே வியப்பாக இருக்கும்.

செயல்பாடு 2: கயிற்று அணை (வகுப்பு 4 முதல் 7 வரை)

மைதானத்தில் சுண்ணாம்பால் ஓர் ஆற்றை வரையுங்கள். மேல் முனையில் கூழாங்கற்களைக் குவித்து வையுங்கள். அது முட்டையிடும் இடம். மாணவர்கள் கீழ் முனையில் மீன்களாக நிற்க வேண்டும். விசில் ஊதியதும் புது வெள்ளம் வந்ததாகக் கொண்டு மேலே ஓடி, ஆளுக்கொரு கல்லை எடுத்து வர வேண்டும். கல் எடுத்தவர் அடுத்த சுற்றில் ஒரு புதிய மாணவரைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் சுற்றில் நடுவே இருவர் கயிறு பிடித்து அணையாக நிற்கட்டும். யாரும் தாண்டக் கூடாது. மூன்றாம் சுற்றில் கயிற்றை எடுத்துவிட்டு, கற்களில் பாதியை ‘மணல் லாரி’ அள்ளிச் செல்லட்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மீன்களின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் குறித்து, பிறகு பட்டை வரைபடம் வரையலாம்.

செயல்பாடு 3: சராசரி சொல்லாத உண்மை (வகுப்பு 7 முதல் 10 வரை)

கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து நடத்தலாம். கீழே உள்ளவை வகுப்புக்காக அமைத்த கற்பனை எண்கள். உண்மைத் தரவு அல்ல என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் ஆண்டு கிடைத்த மீன்களின் எடை (கிலோ): 1, 2, 2, 3, 4, 5, 8, 10, 15, 20
பத்தாம் ஆண்டு கிடைத்த மீன்களின் எடை (கிலோ): 15, 20, 25

முதல் ஆண்டின் சராசரி 7 கிலோ. பத்தாம் ஆண்டின் சராசரி 20 கிலோ. “மீன்களின் நிலைமை முன்னேறியிருக்கிறதா?” என்று கேட்டால் பாதிப் பேர் ‘ஆம்’ என்பார்கள். உடனே திருத்த வேண்டாம். “ஒரு கிலோ மீன் எங்கே?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது: “குஞ்சே பொறக்கலீங்க டீச்சர்.” அந்த மாணவன் கணக்குப் பாடத்தில் அதுவரை கை தூக்கியதே இல்லை.

செயல்பாடு 4: பெரியவரிடம் கேட்போம் (வகுப்பு 6 முதல் 9 வரை)

ஆற்றோடு பழகிய பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். உங்கள் சிறுவயதில் ஆறு எத்தனை மாதம் ஓடியது? என்னென்ன மீன்கள் கிடைத்தன? இப்போது எது கிடைப்பதில்லை? புதிதாக எது வந்திருக்கிறது? எப்போது முதல்? தமிழ்ப் பாடத்தின் நேர்காணல் பயிற்சியாகவும் இதைக் கொள்ளலாம்.

தாத்தா வகுப்புக்கு வந்த நாள்

நான்காம் செயல்பாட்டின் தொடர்ச்சியாக, ஒரு மாணவியின் தாத்தாவை வகுப்புக்கு அழைத்தோம். பரிசலில் மீன் பிடித்தே குடும்பத்தை நடத்தியவர். முதலில் நாற்காலியில் உட்காரவே தயங்கினார். “நான் பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காதவனுங்க டீச்சரம்மா. எனக்கென்னங்க தெரியும்?” என்றார். மகசீரின் படத்தைக் காட்டியதும் எழுந்து அருகில் வந்து பார்த்தார்.

“இத நான் புடிச்சிருக்கறனுங்க. பெரிய மீனு. செதிலு ஒண்ணொண்ணும் உள்ளங்கை அகலம் இருக்கும். தூண்டில்ல மாட்டுனா பரிசல இழுத்துட்டே போயிரும் கண்ணு” என்று பிள்ளைகளிடம் சொன்னார். எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, தன் மூத்த மகள் பிறந்த ஆண்டைக் கணக்கு வைத்துச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் பிடித்தது திமில் மகசீரா, நீலத் துடுப்பு மகசீரா? மாணவர்கள் இரண்டு படங்களையும் காட்டிக் கேட்டார்கள். துடுப்பின் நிறம் அவருக்கு நினைவில்லை. “வெளக்கு வெளிச்சத்துல புடிக்கறதுங்க. நெறமெல்லாம் யாரு பாத்தா?” என்றார். எனவே எங்கள் பதிவேட்டில் ‘மகசீர், இனம் உறுதியில்லை’ என்றே எழுதினோம். ஒரு மாணவிக்கு அதில் வருத்தம். ‘திமில் மகசீர்’ என்றே எழுதிவிடலாம் என்றாள். தெரிந்ததை மட்டும் எழுதுவதும் அறிவியல் பாடத்தின் பகுதிதான் என்று சொன்னேன்.

போகும்போது அந்தப் பெரியவர் ஒன்று கேட்டார்: “இதெல்லாம் படிச்சு நாங்க மீனு புடிக்கக் கூடாதுன்னு சொல்லீருவீங்களாங்க?” இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. நம் வகுப்புகளில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலை வீசிப் பிழைக்கும் தகப்பனைக் குற்றவாளியாக்கும் பாடமாக இது மாறிவிடக் கூடாது. ஆற்றில் மீன் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் அவர்தான். குஞ்சுகளைச் சிறிய கண்ணி வலையில் அள்ளாமலிருப்பது, வெடி வைப்பவர்களைத் தடுப்பது, முட்டையிடும் காலத்தில் விட்டுவைப்பது ஆகியவற்றில் அவரைவிட நல்ல காவலர் கிடைக்கமாட்டார். கர்நாடகத்தில் காவிரிக்கரையில் உள்ள இராமநாதபுரத்திலும், துங்கை ஆற்றங்கரையில் உள்ள சிருங்கேரியிலும், கோயிலை ஒட்டிய ஆற்றுப் பகுதியில் மகசீர்களை யாரும் பிடிப்பதில்லை. பக்தர்கள் பொரி போடுகிறார்கள். பெரிய மீன்கள் படித்துறைக்கே வருகின்றன. கரையில் வாழும் மக்கள் ‘இது நம் மீன்’ என்று எண்ணினால், காவலாளி இல்லாமலே அது பிழைக்கும் என்பதற்கு அவை சான்று.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

• மாணவர்களை ஆற்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. செல்வதானால் தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதியும், போதிய பெரியவர்களின் துணையும் கட்டாயம். யாரும் நீரில் இறங்கக் கூடாது. மோயாற்றுப் பகுதி புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் வனத்துறை அனுமதியின்றிச் செல்ல இயலாது.
• பள்ளித் தொட்டி மீன்களை எந்தக் காரணத்துக்காகவும் ஏரி, குளம், கிணறு, வாய்க்காலில் விட வேண்டாம். வளர்க்க இயலாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்க விரும்பும் மற்றொரு பள்ளிக்குத் தரலாம். மீன் வாங்கும் முன்பே அது எவ்வளவு வளரும் என்று கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.
• உங்கள் ஊர் காவிரிப் படுகையில் இல்லாவிட்டால், தாமிரபரணி, வைகை, பாலாறு என்று உங்கள் ஆற்றிலிருந்தே ஒரு மீனைத் தேர்ந்தெடுங்கள்.

மதிப்பீடு

1. ‘ஒரு படுகைக்கே உரிய இனம்’ என்றால் என்ன? அத்தகைய இனம் அழியும் ஆபத்து ஏன் அதிகம்?
2. அறிவியல் பெயர் உறுதியாகாதது திமில் மகசீரின் பாதுகாப்பை எவ்வாறு பாதித்தது?
3. ஆற்றில் மகசீர்களின் மொத்த எண்ணிக்கை கூடியும், ஓர் இனம் குறைந்தது எப்படி?
4. உன் நண்பன் தன் வீட்டுத் தொட்டி மீனைக் குளத்தில் விடப்போகிறான். அவனுக்கு ஒரு கடிதம் எழுது.

நான்காம் கேள்விக்கு எங்கள் மாணவர்கள் எழுதிய கடிதங்களைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வாளியோடு வந்த மாணவன் அந்தக் கடிதத்தை எனக்கே எழுதியிருந்தான். “அன்புள்ள டீச்சர், நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். இனிமேல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்” என்று தொடங்கியது அது. அதற்கு முழு மதிப்பெண் போட்டேன்.

இப்போது எங்கள் தொட்டியில் வாய்க்காலிலிருந்தே எடுத்த அயிரைகள் சில இருக்கின்றன. அவற்றை எடுத்த இடத்தையும் தேதியையும் மாணவர்கள் தொட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். விடுமுறை வந்ததும் அதே இடத்தில் அவற்றை விட வேண்டுமல்லவா?